ஸ்டியரிங் பக்கம்: பழசா, புதுசா?

போன இதழில், "பழைய கார் மேல் நமக்கு இருக்கும் பாசத்தில் பாதி ஞாபகம், மீதிதான் கார்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை திட்டு. அச்சில் ஏற்றக்கூடியதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அந்தக் காலத்து வண்டி இரும்புக் கோட்டை. இப்போது வருவது தகர டப்பா, லேசாக இடித்தாலே முன்பக்கம் அப்பளம். எந்த தைரியத்தில் புதுசுதான் பாதுகாப்பு என்கிறீர்கள்?

அந்த அப்பளம்தான் சார் உங்களைக் காப்பாற்றுகிறது. மோதலின் வேகம் எங்காவது போய்ச் செலவாக வேண்டும். முன்பக்கத் தகடு மடங்கி அதை வாங்கிக்கொள்ளாவிட்டால் உங்கள் நெஞ்சும் கழுத்தும்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். கோட்டைக்கு ஒன்றும் ஆகாது, உள்ளே இருப்பவருக்குத்தான் ஆகும்.

இதைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு சோதனை இருக்கிறது. 2009-ல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் ஒரு 1959 செவ்ரலே பெல் ஏரையும் ஒரு 2009 செவ்ரலே மாலிபுவையும், இரண்டும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் வர, நேருக்கு நேர் மோதவிட்டது. பெல் ஏரில் கண்ணாடி ஓரத்துத் தூண் சரிந்து, ஸ்டியரிங் ஓட்டுநர் பொம்மையின் மேல் வந்துவிட்டது. உள்ளே ஆள் இருந்திருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பில்லை. மாலிபுவில் இருந்தவருக்குக் காலில் காயம், அவ்வளவுதான். அந்த பெல் ஏரின் அடிச்சட்டம் எக்ஸ் வடிவம், அது ஏற்கெனவே பலவீனமானது என்று கட்சி கட்டுகிறவர்கள் உண்டு. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சட்டத்தோடுதானே விற்றார்கள்?

வேடிக்கை என்னவென்றால், அதே 1959-ல்தான் வால்வோவின் நில்ஸ் போலின் வடிவமைத்த மூன்று முனை சீட் பெல்ட் காரில் வந்தது. மோதும்போது நசுங்குவதற்கென்றே முன்னும் பின்னும் வடிவமைத்த மெர்சிடிஸும் அதே வருஷம்தான். ஆக இன்றைய பாதுகாப்பின் வேர் உங்கள் பொற்காலத்திலேயே இருக்கிறது. அன்றைக்கு வாங்கியவர்கள்தான் பின்பக்க இறக்கைகளைப் பார்த்து வாங்கினார்கள்.

கேள்வி: புது கார் ஓட்டினால் ஓட்டுகிற மாதிரியே இல்லை. எல்லாம் எலெக்ட்ரானிக்ஸ் செய்த வேலைதானே?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்த மாதப் பக்கத்தையே ஒதுக்கினேன். உங்கள் குறை நியாயம். குற்றவாளி மட்டும் வேறு.

முதல் குற்றவாளி எடை. 1959-ல் வந்த மினி சுமார் 600 கிலோ, பத்து அங்குலச் சக்கரம். இன்றைக்கு அதே பெயரில் வரும் வண்டி அதைப் போல இரண்டு மடங்கைத் தாண்டும். எடை கூடினால் பெரிய பிரேக் வேண்டும், அதைத் தாங்க அகலமான டயர் வேண்டும், அதற்கெல்லாம் சேர்த்து பெரிய இன்ஜின் வேண்டும், அதனால் இன்னும் எடை. இப்படிக் கட்டிய வண்டி அபார வேகம் போகும். ஆனால் அதில் உடம்பு சிலிர்க்க வேண்டுமென்றால் லைசென்ஸ் பறிபோகிற வேகத்தில் போயாக வேண்டும். பழைய சின்ன வண்டியில் அறுபதிலேயே திருப்பத்தில் டயர் முனகும், ஸ்டியரிங் கையில் துடிக்கும், சாலையில் கிடக்கும் ஜல்லி எந்தச் சக்கரத்துக்கு அடியில் போனது என்று உள்ளங்கைக்குத் தெரியும். வேகமான காரை மெதுவாக ஓட்டுவதைவிட மெதுவான காரை விரட்டி ஓட்டுவதுதான் சுகம் என்று கார் பைத்தியங்கள் காலங்காலமாகச் சொல்வது இதைத்தான்.

எலெக்ட்ரானிக்ஸ் மேல் பழி போடுகிறவர்கள் மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் காரை ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும். 1989-ல் வந்த முதல் தலைமுறை ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு. 2015-ல் வந்த நான்காம் தலைமுறையில் ஏர்பேக், ஏபிஎஸ், எலெக்ட்ரிக் ஸ்டியரிங் எல்லாம் உண்டு, எடையும் அந்த ஒரு டன்னைச் சுற்றியேதான். ஓட்டினால் சிரிப்பு வருகிறது. ஆக மனம் வைத்தால் முடிகிறது.

எனக்கு எரிச்சல் வருவது வேறு இடத்தில். 2011-ல் வந்த பிஎம்டபிள்யூ எம்5-ல் இன்ஜின் சத்தத்தை ஸ்பீக்கர் வழியாக உள்ளே விட்டார்கள். எட்டு சிலிண்டர் இன்ஜின் முன்னால் நிஜமாகவே ஓடிக்கொண்டிருக்கும்போது! பக்கத்து அறையில் வித்வான் பாடிக்கொண்டிருக்க, நமக்கு ரேடியோவைத் திருகி விடுகிற கதை.

கேள்வி: பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பழைய கார்புரேட்டர் வண்டி என்றால் ஒரு ஸ்பேனரும் ஸ்க்ரூடிரைவரும் போதும், ரோட்டோரத்திலேயே சரி செய்யலாம். ஒப்புக்கொள்கிறீர்களா?

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடிக்கடி ரோட்டோரத்தில் நின்றதால்தானே அந்த வித்தை கைக்கு வந்தது?

நான் ஓட்டிப் பழகியது அப்படி ஒரு வண்டியில்தான். குளிர்ந்த காலையில் காற்றைக் குறைத்து பெட்ரோலைக் கூட்டும் சோக்கை முழுக்க இழுத்து, ஆக்ஸிலரேட்டரை ஒரே ஒரு மிதி மிதித்து, சாவியைத் திருகினால் கிளம்பும். ஆசைப்பட்டு மூன்று மிதி மிதித்தால் பெட்ரோல் நாற்றம் குப்பென்று ஏறும், ப்ளக் நனைந்துவிடும். அப்புறம் கால் மணி நேரம் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். ப்ளக்கில் தீப்பொறி வரவைக்கும் பாயிண்ட் தேய்ந்து இடைவெளி மாறியிருந்தால் ஒரு அட்டைத் துண்டை வைத்து அளந்து திருப்பி வைப்பேன். அந்த நேரத்தில் ரொம்பப் பெருமையாக இருக்கும். வேலைக்கு நேரமாகிவிட்டது என்பது அரை மணி கழித்துத்தான் உறைக்கும்.

இன்னொன்று, கார்புரேட்டருக்குப் பதிலாக பெட்ரோலைப் பீய்ச்சி விடும் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் நேற்று வந்த சமாசாரம் இல்லை. 1954-ல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்எல்லிலேயே இருந்தது.

கேள்வி: உலகிலேயே அழகான கார்? ஜாகுவார் ஈ-டைப் என்று எல்லோரும் சொல்வதைச் சொல்லாதீர்கள்.

சிட்ரோயன் டிஎஸ், 1955. எண்ணெயும் வாயுவும் தாங்கும் சஸ்பென்ஷன் என்பதால், ஸ்டார்ட் செய்ததும் படுத்திருந்த மாடு எழுகிற மாதிரி நிதானமாக எழுந்து நிற்கும். அதற்காகவே ஓட்டு போடுவேன்.

கேள்வி: முப்பது வருஷம் ஆன கார் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். பெயிண்ட் பளபளவென்று இருக்கிறது. வாங்கலாமா?

பளபளப்புதான் என்னைப் பயமுறுத்துகிறது. துணி சுற்றிய சின்னக் காந்தம் ஒன்றை எடுத்துப் போய், கதவின் அடிவிளிம்பு, சக்கரத்துக்கு மேல் வளைவு, ஏறும்போது மிதிக்கிற படி, இங்கெல்லாம் ஒட்டிப் பாருங்கள். இரும்பாக இருக்க வேண்டிய இடத்தில் ஒட்டாமல் நழுவினால் உள்ளே இருப்பது பட்டி. மிதியடியைத் தூக்கி முகர்ந்து பாருங்கள், ஈரவாடை வந்தால் தரை துருப்பிடிக்க ஆரம்பித்தாயிற்று.

அப்புறம் டயர். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 3512 என்றால் 2012-ன் 35-வது வாரம். பழைய வண்டி அதிகம் ஓடாததால் டயர் மேல் வெட்டிய பூ அப்படியே இருக்கும், ரப்பர் மட்டும் கல்லாகியிருக்கும். ஈரச் சாலையில் அது சறுக்குக் கட்டை. பெட்ரோல் ஹோஸையும் விரலால் மடக்கிப் பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை அரித்துவிடும், வெடிப்பு தெரிந்தால் ஓட்டுவதற்கு முன்பே மாற்றுங்கள்.

கடைசியாக, நீங்கள் வருவதற்கு முன் இன்ஜினை ஓட்டி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் கை குலுக்குவதற்கு முன்னால் பானெட்டைத் தொடுங்கள். சூடாக இருந்தால், குளிரில் கிளம்பாத குறையை மறைக்கிறார்களோ என்னவோ, வேறு ஒரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் டச் ஸ்க்ரீன் என்பது முன்னேற்றமா?

இல்லை. பட்டனை விரல் தேடிக் கண்டுபிடிக்கும், திரையைக் கண்தான் தேட வேண்டும். கண் சாலையில் இருக்க வேண்டும். கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பு மதிப்பெண் போடும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப்பும் 2026 முதல் இண்டிகேட்டர், வைப்பர், ஹார்ன் போன்றவற்றுக்குத் தனிப் பட்டன் அல்லது நெம்புகோல் இல்லையென்றால் மதிப்பெண்ணைக் குறைக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் பழசு கட்சிக்கு முழு வெற்றி.

கேள்வி: இன்றைய மின்சார கார்கள் நாற்பது வருஷம் கழித்து கிளாசிக் ஆகுமா?

ஆகும், யாராவது உயிரோடு வைத்திருந்தால். கார்களில் முதன்முதலில் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டியதே மின்சார கார்தான், 1899-ல், கமில் ஜெனாட்ஸி ஓட்டியது. ஆக மின்சாரம் என்பதால் மட்டும் யாரும் மூக்கைச் சுளிக்க வேண்டியதில்லை. பேட்டரி செத்தால் வேறு கட்டிக்கொள்ளலாம். என் பயம் மென்பொருள் மேல்தான். உடைந்த கியரை லேத்தில் கடைந்துகொள்ளலாம், நிறுவனம் பூட்டி வைத்த கணினிப் பெட்டியை யார் கடைந்து தருவார்?

கேள்வி: இவ்வளவு பேசுகிறீர்களே, உங்களிடம் இருப்பது என்ன?

ஒன்று பழசு, ஒன்று புதுசு. பழசு இன்று காலை கிளம்பவில்லை. பேட்டரியைக் கழற்றி சார்ஜில் போட்டுவிட்டு, கறுத்த கையோடு புதுசில் ஏறி வந்துதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.