வெட்டாத வரை மாற்றலாம்

கேள்வி: அப்பா ஆசையாக வைத்திருந்த 1965 மாடல் எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் (கூரை இல்லாத பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) பல வருடங்களாக ஷெட்டிலேயே நிற்கிறது. அப்பா இப்போது இல்லை. நானும் தம்பியும் வண்டியைச் சரிசெய்து ஓட்டலாம் என்று இருக்கிறோம். வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜின், அகல டயர், மேட் கறுப்பு பெயிண்ட் என்று தம்பி பெரிய பட்டியலே போட்டு வைத்திருக்கிறான். அப்பாவின் நண்பரோ, “ஒரு திருகாணியைக்கூட மாற்றாதீர்கள், மதிப்பே போய்விடும்” என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இருவர் பேச்சையும் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். முதலில் பானெட்டைத் திறந்து இன்ஜின் நம்பரைப் பாருங்கள். 1965 வண்டி என்றால் 18ஜிபி என்று தொடங்க வேண்டும். 1964 கடைசியில் வந்த, கிராங்க் தண்டைத் தாங்க ஐந்து மெயின் பேரிங் உள்ள இன்ஜின் அது. 18வி என்று இருந்தால், எழுபதுகளின் இன்ஜினை யாரோ ஏற்கெனவே மாட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். நண்பர் காப்பாற்றச் சொல்வதில் பாதி அப்போதே போயாச்சு. அப்புறம் டாஷ்போர்டுக்கு அடியிலும், கார்ப்பெட்டைத் தூக்கிவிட்டும் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளியே எத்தனை கோட் பெயிண்ட் ஏறியிருந்தாலும், ஃபேக்டரி நிறம் அந்த இடங்களில் கொஞ்சம் ஒளிந்திருக்கும்.

மதிப்பு பற்றி ரொம்பக் கவலை வேண்டாம். 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான வண்டி இது. ஒரு திருகாணியால் விலை சரியாது. ஆனால் ஃபேக்டரி பெயிண்டும் சீட்டும் கைபடாமல் மிஞ்சியிருந்தால், கொஞ்சம் மங்கியிருந்தாலும் சரி, நான் நண்பர் பக்கம்தான். இந்த வண்டிக்கு முழு பாடியையே இன்றைக்குப் புதிதாக வாங்க முடிகிறது. 1965-இல் அடித்த பெயிண்டை எங்கே போய் வாங்குவது?

அப்படி எதுவும் மிஞ்சவில்லையா? அப்போது நான் பார்ப்பது ஒன்றைத்தான்: ஸ்பேனரை வைத்துக் கழற்றிப் பழையபடி மாட்ட முடியுமா, இல்லை கட்டர் எடுக்க வேண்டுமா?

ஸ்பேனரோடு முடிகிற வேலை என்றால் தாராளமாகச் செய்யலாம். உதாரணத்துக்கு, பேட்டரியை சார்ஜ் செய்யும் டைனமோ. இந்த வருடத்து வண்டிகளில் பாசிட்டிவ் ஏர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருக்கும். சீட்டுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரி இருக்கும். இரவில் ஹெட்லைட், வைப்பர் எல்லாம் போட்டு ஓட்டினால் டைனமோ திணறும். 1967-இல் வந்த மார்க் 2-வில் (இதே காரின் அடுத்த பதிப்பு) கம்பெனியே டைனமோவைவிட அதிக மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டருக்கும் நெகட்டிவ் ஏர்த்துக்கும் மாறிவிட்டது. நீங்களும் தாராளமாக மாறலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: இன்ஜின் வேகத்தைக் காட்டும் எலெக்ட்ரானிக் டேக்கோமீட்டரின் உள் ஒயரிங்கையும் மாற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் அது வேலை செய்யாது. ஸ்பார்க்குக்கான பழைய பாயிண்ட் செட்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன், ரேடியல் டயர், மூன்று முனை சீட் பெல்ட் எல்லாமே இந்த வகைதான். பிரேக்கில் ஒரே சர்க்யூட் என்பதால் ஒரு பைப் கசிந்தால் நாலு சக்கரத்திலும் கால்பிரேக் போய்விடும். மாஸ்டர் சிலிண்டர், ஹோஸ் எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள். இரட்டை சர்க்யூட்டாக மாற்றினாலும் என்னிடம் ஆட்சேபணை இல்லை. பழைமையைக் காப்பாற்ற பிரேக்கில் ரிஸ்க் எடுக்கச் சொல்பவரை நான் நம்ப மாட்டேன்.

தம்பியின் வி8 ஆசையைக் கிறுக்குத்தனம் என்று சொல்ல மாட்டேன். கம்பெனியே 1973 முதல் 1976 வரை, மூடிய கூரை உள்ள ஜி.டி. மாடலில் ரோவரின் 3.5 லிட்டர் வி8-ஐப் போட்டு விற்றது. அலுமினிய இன்ஜின் என்பதால் எடையும் பெரிதாக ஏறவில்லை. ஆனால் அதற்கென்று பாடியின் உள் தகடுகளையே மாற்றினார்கள். உங்கள் 1965 பாடியில் அது உட்கார வேண்டுமென்றால் வெட்டித்தான் ஆக வேண்டும். அதோடு நிற்காது, பிரேக், பின் ஆக்சில், ரேடியேட்டர் என்று வரிசையாக வரும். ஆசை அடங்காவிட்டால், ஏற்கெனவே யாரோ மாற்றி வைத்த எம்.ஜி.பி. ஒன்றைத் தம்பி தேடட்டும். அகல டயரும் இதே கதைதான், ஃபெண்டரை வெட்ட வேண்டிய அளவுக்குப் போகாதவரை சரி.

இந்தச் சண்டையில் நீங்கள் மறந்துவிடக்கூடிய இடம் ஒன்று உண்டு: கதவுக்குக் கீழே ஓடும் சில். கூரை இல்லாத வண்டியின் பலமே அந்தப் பல அடுக்குத் தகட்டில்தான் இருக்கிறது. துரு முதலில் பிடிப்பதும் அங்கேதான், மேலே பட்டி பூசி மறைப்பதும் அங்கேதான். வெல்டர் அதை வெட்டுவதற்கு முன்னால், வண்டி சக்கரத்தில் நிற்கும்போதே கதவைச் சுற்றியுள்ள இடைவெளியை அளந்து எழுதி வையுங்கள். கதவு வாசலில் குறுக்கே இரும்புச் சட்டம் கொடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பாடி நடுவில் தொய்ந்து, புது சில் போட்ட பிறகு கதவு சாத்தாது. ஒரிஜினலோ வி8-ஓ, இதற்குத்தான் பணத்தில் பெரும்பங்கை ஒதுக்க வேண்டும்.

கழற்றும் டைனமோ, பாயிண்ட் செட் எதையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். பெயர் எழுதி ஒரு பெட்டியில் வையுங்கள்.

நிறத்துக்கு ஒரு வழி இருக்கிறது. இங்கிலாந்தில் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துக்குச் சேசிஸ் நம்பரை அனுப்பிக் கட்டணம் கட்டினால், வண்டி எந்த நிறத்தில், எந்தத் தேதியில் தயாரானது என்று ஃபேக்டரிப் பதிவேட்டைப் பார்த்து ஹெரிடேஜ் சான்றிதழ் தருகிறார்கள். அது கைக்கு வரும்வரை பெயிண்டரிடம் பேச்சே வேண்டாம். வந்த பிறகும் தம்பிக்கு மேட் கறுப்புதான் வேண்டுமென்றால், பின்னால் உரித்துவிடக்கூடிய ராப் (பெயிண்ட் மேல் ஒட்டும் பிளாஸ்டிக் படலம்) ஒட்டிக்கொள்ளட்டும்.