ஓய்வுபெற்ற கோச் சொன்னால் நடக்குமா?

கேள்வி: நாங்கள் டெக்சாஸில் இருக்கிறோம். என் மகன் பள்ளியில் கடைசி வருடம் படிக்கிறான். அமெரிக்கன் ஃபுட்பாலில் சேஃப்டி இடத்தில், அதாவது பின்வரிசைத் தடுப்பாளனாக ஆடுகிறான். வேறு மாநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்று ஸ்காலர்ஷிப் தருவதாகச் சொல்லியிருக்கிறது. அவனைத் தேடி வீட்டுக்கு வந்து பேசியவர் அங்குள்ள டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர், அதாவது தடுப்பாட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் உதவிக் கோச். போன மாதம் அங்கே தலைமைக் கோச்சை நீக்கிவிட்டார்கள். பல வருடம் அங்கே கோச்சாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், இந்தக் கோஆர்டினேட்டருக்கே பதவி தர வேண்டும் என்று பேட்டி கொடுத்துக்கொண்டிருக்கிறார். ஊரே அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது. அவர் சொன்னால் நடந்துவிடும் என்கிறான் மகன். டிசம்பரில் கையெழுத்துப் போட வேண்டும். நம்பிப் போடலாமா?

பதில்: அந்தப் பேட்டியை மட்டும் நம்பிப் போடாதீர்கள். பெரியவரின் பேச்சுக்கு மதிப்பு இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. இந்த உலகத்தில் ஓய்வுபெற்ற கோச்சுக்கு இருக்கும் செல்வாக்கு நிஜமானது. ஆனால் அது எங்கே செல்லும், எங்கே நின்றுவிடும் என்பது அவர் இன்று எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. அவரே பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைக்குத் தலைவரான அத்லெடிக் டைரக்டராக இருந்தால் ஆளைப் போடுவதே அவர்தான். வெறும் முன்னாள் கோச் என்றால் அவர் கையில் இருப்பது ஒரு தொலைபேசி மட்டும். பேட்டி கொடுக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். உள்ளே பேச இடம் இருக்கிறவர்கள் பொதுவாக வெளியே பேசுவதில்லை. முடிவு எடுக்கும் அறையில் அவர் இல்லை என்பதற்கு அந்தப் பேட்டியே ஓர் அடையாளமாக இருக்கலாம்.

உங்கள் நிலைமைக்கு மிகவும் நெருக்கமான உதாரணம் கான்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகம். பில் ஸ்னைடர் அங்கே 1989-இல் வந்தபோது, அதற்கு முந்தைய இரண்டு சீசனிலும் அந்த அணி ஒரு ஆட்டம்கூட ஜெயித்திருக்கவில்லை. இடையில் ஒருமுறை ஓய்வுபெற்றுத் திரும்பியதையும் சேர்த்து மொத்தம் 27 சீசன், 215 வெற்றி. ஸ்டேடியத்துக்கே அவர் குடும்பத்தின் பெயர்தான். 2018 டிசம்பரில் நிரந்தரமாக விலகும்போது, தன் மகன் ஷான் ஸ்னைடரைத் தலைமைக் கோச்சாக்க வேண்டும் என்ற ஆசையை அவர் மறைக்கவில்லை. ஷான் வெளியாள் இல்லை, அதே அணியில் பல வருடம் உதவிக் கோச்சாக இருந்தவர். இருந்தும் அத்லெடிக் டைரக்டர் ஜீன் டெய்லர், நார்த் டகோட்டா ஸ்டேட்டிலிருந்து கிறிஸ் கிளைமனைக் கூட்டிவந்தார்.

ஏன் கிளைமன்? டெய்லர் அதற்கு முன் நார்த் டகோட்டா ஸ்டேட்டில்தான் டைரக்டராக இருந்தார். கிளைமனை முதன்முதலில் அங்கே தலைமைக் கோச்சாக்கியவரே அவர்தான். பக்கத்தில் இருந்து வேலையைப் பார்த்தவர், பட்டங்களைப் பார்த்தவர். ஊர் மதிக்கும் பெரியவரின் விருப்பத்தைவிட, கையெழுத்துப் போடுகிறவரின் சொந்த அனுபவம்தான் அங்கே ஜெயித்தது. 2022-இல் கிளைமன், அந்த அணி ஆடும் பிக் 12 என்ற பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் கோப்பையையும் வாங்கிக் கொடுத்தார். அதனால் உங்கள் பல்கலைக்கழகத்தின் டைரக்டர் யார், இதற்கு முன் எங்கெல்லாம் வேலை பார்த்தார், அங்கே யாரையெல்லாம் கோச்சாக நியமித்தார் என்று ஒரு மாலை உட்கார்ந்து தேடிப் பாருங்கள். பெரியவரின் பத்துப் பேட்டிகளைவிட அது அதிகம் சொல்லும்.

விஸ்கான்சினில் 2022-இல் நடந்தது இன்னும் கூர்மையானது. சீசன் நடுவில் பால் கிறிஸ்ட்டை நீக்கிவிட்டு, டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர் ஜிம் லெனார்ட்டை இடைக்காலக் கோச்சாக்கினார்கள். லெனார்ட் அந்த மண்ணின் பிள்ளை. பாரி ஆல்வாரெஸ் கோச்சாக இருந்த காலத்தில் ஸ்காலர்ஷிப்கூட இல்லாமல் அணியில் சேர்ந்து, சேஃப்டியாகப் பெயர் எடுத்தவர். டைரக்டர் கிறிஸ் மக்கிண்டோஷும் ஆல்வாரெஸிடம் ஆடியவர்தான், பிறகு ஆல்வாரெஸ் டைரக்டராக இருந்தபோது அவருக்கே துணையாகவும் வேலை பார்த்தவர். ஒரே கோச்சிடம் வளர்ந்த இரண்டு பேர். வீரர்களும் ரசிகர்களும் லெனார்ட் பக்கம் நின்றார்கள். ஆனால் பதவி சின்சினாட்டியிலிருந்து வந்த லூக் ஃபிக்கலுக்குப் போனது. 'நம்ம ஆள்' என்ற பாசம் ஒருவரைக் கடைசிச் சுற்று வரைக்கும் கொண்டுபோகும். அதற்கு மேல் அது உத்தரவாதம் தருவதில்லை.

சரி, பெரியவரே நாற்காலியில் உட்கார்ந்தால்? இதற்கு நெப்ராஸ்காதான் நல்ல பாடம். அங்கே பாப் டெவானி கோச்சாக இருந்து டைரக்டர் ஆனவர். தன் உதவியாளர் டாம் ஆஸ்போர்னை வாரிசாக்கினார். ஆஸ்போர்ன் 1973 முதல் 1997 வரை 25 சீசன், 255 வெற்றி, மூன்று தேசியப் பட்டம். அவர் விலகியபோது தன் உதவியாளர் ஃபிராங்க் சோலிச் வர வேண்டும் என்றார், வந்தார். இதுவரை எல்லாம் சொன்னபடி நடந்தது. 2003-இல் ஸ்டீவ் பீடர்சன் என்ற புதிய டைரக்டர், சீசனில் 9 ஆட்டம் ஜெயித்து 3 மட்டும் தோற்றிருந்த சோலிச்சை நீக்கினார். ஆஸ்போர்ன் அப்போது அமெரிக்க நாடாளுமன்றத்தில் உறுப்பினர். மாநிலத்திலேயே அவரைவிட மதிக்கப்பட்ட மனிதர் இருந்திருக்க மாட்டார். ஆனால் பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பதவி இல்லை. அவரால் தடுக்க முடியவில்லை.

2007 அக்டோபரில் பீடர்சன் போனார், ஆஸ்போர்ன் இடைக்கால டைரக்டராகத் திரும்பி வந்தார். அதே டிசம்பரில் போ பெலினியைக் கோச்சாக்கினார். சோலிச்சிடம் டிஃபென்சிவ் கோஆர்டினேட்டராக இருந்து, அவரை நீக்கிய பிறகு அந்த சீசனின் கடைசி ஆட்டத்துக்கு இடைக்காலக் கோச்சாக நின்று ஜெயித்துக் கொடுத்தவர் பெலினி. நான்கு வருடம் முன்னால் கிடைக்காத பதவி, பெரியவர் கையில் அதிகாரம் வந்ததும் கிடைத்தது.

இங்கேதான் உங்கள் மகன் கவனிக்க வேண்டிய பகுதி வருகிறது. பெலினி ஏழு முழு சீசனிலும் குறைந்தது 9 ஆட்டம் ஜெயித்தார். ஆனால் 2013 தொடக்கத்தில் ஆஸ்போர்ன் டைரக்டர் பதவியை விட்டார். அடுத்து வந்தவர் 2014 நவம்பரில், அந்த வருடமும் 9 வெற்றி இருந்தும், பெலினியை வீட்டுக்கு அனுப்பினார். ஒருவரின் ஆதரவால் வந்த கோச்சுக்கு, அந்த ஆதரவாளர் போன பிறகு சலுகைக் காலம் குறைவு. உங்கள் மகன் அங்கே நான்கு வருடம் இருக்கப்போகிறான். கோஆர்டினேட்டருக்குப் பதவி கிடைக்குமா என்று மட்டும் கேட்கிறீர்கள். கிடைத்தால் அவரைக் காப்பாற்ற யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன வயது, என்ன ஒப்பந்தம் என்பதையும் கேட்டாக வேண்டும்.

பெரியவரின் தேர்வு தவறிப்போகவும் செய்யும். டென்னசியில் 1998-இல் தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்த ஃபிலிப் ஃபுல்மர், 2017 டிசம்பரில் டைரக்டர் ஆனார். அதற்கு முந்தைய டைரக்டர் கிரெக் ஷியானோ என்பவரைக் கோச்சாகக் கொண்டுவரப் பார்த்து, ஊர் கொதித்து, ஒரு வாரத்துக்குள் தன் வேலையையே இழந்திருந்தார். அந்த நெருப்பை அணைக்க ஃபுல்மரின் பெயர் தேவைப்பட்டது. வந்த சில நாளிலேயே அவர் அலபாமாவின் டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர் ஜெரமி புரூயிட்டை நியமித்தார். 2021 ஜனவரியில், வீரர் சேர்ப்பில் நடந்த விதிமீறல்களுக்காகப் புரூயிட் நீக்கப்பட்டார். அன்றே ஃபுல்மரின் ஓய்வும் அறிவிக்கப்பட்டது. 2023-இல் தேசியக் கல்லூரி விளையாட்டு அமைப்பு அந்தப் பல்கலைக்கழகத்துக்கு 80 லட்சம் டாலருக்கு மேல் அபராதம் போட்டது. ஆட்டம் தெரிந்தவருக்கு ஆள் தேர்வு தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. அதிலும் அவசரத்தில், கோபமாக இருக்கும் ஊருக்கு நடுவில் எடுக்கும் முடிவுகளைப் பார்த்தால் எனக்கு எப்போதும் பயம்தான்.

அப்படியானால் பதவியில் இல்லாத பெரியவரின் வார்த்தைக்கு எங்கே பலம்? பட்டியலைச் சுருக்கும்போது. டைரக்டர் முன்னால் பத்துப் பெயர் இருக்கும். அவர்களில் சிலரோடு அவருக்கு ஒரு வார்த்தைகூடப் பழக்கம் இருக்காது. அப்போது, அவர்களை வேலைக்கு வைத்திருந்த மூத்த கோச்சைக் கூப்பிட்டு, தோற்ற மறுநாள் காலையில் இந்த ஆள் எப்படி இருப்பார், உதவியாளர்கள் இவரிடம் தங்குகிறார்களா, பெற்றோரிடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாரா என்றெல்லாம் விசாரிப்பார். அலபாமாவின் தலைமைக் கோச்சாக இருந்த நிக் சேபன் போன்றவரின் சொல் இந்த இடத்தில் தங்கம். கிர்பி ஸ்மார்ட் அலபாமாவில் அவருக்குக் கீழே எட்டு சீசன் டிஃபென்ஸை நடத்திவிட்டுத்தான் ஜார்ஜியாவுக்குப் போனார், 2021, 2022 இரண்டு சீசனிலும் பட்டம் வாங்கினார். ஆனால் அதே சேபனிடம் வேலை பார்த்த டெரெக் டூலியும் புரூயிட்டும் டென்னசியில் தேறவில்லை. குருவின் பெயர் நேர்காணல் வரைக்கும்தான் கூட வரும்.

தன் சொந்த இடத்துக்கு யார் வர வேண்டும் என்பதில் நிலைமை வேறு. 2024 ஜனவரி 10 அன்று சேபன் ஓய்வை அறிவித்தார். டைரக்டர் கிரெக் பர்ன் வீரர்களிடம் 72 மணி நேரம் பொறுத்திருக்கச் சொன்னார். இரண்டே நாளில் வாஷிங்டனிலிருந்து கேலன் டிபோரைக் கொண்டுவந்தார். சேபனிடம் ஒருநாள்கூட வேலை பார்க்காதவர் டிபோர். அவ்வளவு சீக்கிரம் முடித்தும், அணியில் அதிக டாக்கிள் (எதிராளியை மடக்கி வீழ்த்துவது) செய்திருந்த முதலாண்டு சேஃப்டி கேலப் டவுன்ஸ் ஒஹையோ ஸ்டேட்டுக்கு மாறிவிட்டார், அடுத்த சீசனிலேயே அங்கே தேசியப் பட்டமும் வென்றார். கோச் மாறினால் வீரனுக்கும் வழி இருக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இனி உங்கள் வீட்டு விஷயம். வாய்மொழியாகச் சொன்ன ஸ்காலர்ஷிப் இரண்டு தரப்பையும் கட்டுப்படுத்தாது, எழுத்தில் கையெழுத்தானதுதான் செல்லும். அந்த ஒப்பந்தம் பல்கலைக்கழகத்தோடு, கோச்சோடு அல்ல. ஒப்பந்தக் காலத்துக்குள், ஆட்டம் போதவில்லை என்று சொல்லிப் புதிய கோச் பணத்தை நிறுத்த முடியாது. அதனால் தாளில் ஒரு வருடம் என்று போட்டிருக்கிறதா, நான்கு வருடம் என்று போட்டிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். ஆடும் வாய்ப்புக்கு எந்தத் தாளும் உத்தரவாதம் தராது. விளையாட்டு வருமானத்தில் வீரர்களுக்கும் பங்கு தரும் புதிய வருமானப் பகிர்வு முறையில் சேர்ந்த பல்கலைக்கழகங்களில் அணிக்கு 105 பேர்தான். புதிதாக வருகிறவர் தன் பழைய அணியிலிருந்து சேஃப்டிகளைக் கூட்டிவந்தால் உங்கள் மகன் வரிசையில் பின்னால் தள்ளப்படுவான்.

டிசம்பரில் போட்டே ஆக வேண்டும் என்பதில்லை, பிப்ரவரியிலும் கையெழுத்துக் காலம் உண்டு. காத்திருந்தால் இடம் நிரம்பிவிடும் அபாயம் இருக்கிறது. அதனால் இந்த வாரமே கோஆர்டினேட்டருக்கு நேரடியாகப் போன் செய்து, "உங்களுக்குப் பதவி கிடைக்காவிட்டால் நீங்கள் இங்கேயே இருப்பீர்களா, சார்?" என்று மகனையே கேட்கச் சொல்லுங்கள். மழுப்பினால் அவர் வேறு இடம் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அப்புறம், தலைமைக் கோச் யார் வந்தாலும் இந்த ஸ்காலர்ஷிப் நிற்குமா என்று டைரக்டர் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

ஒருவேளை கையெழுத்துப் போட்டு, உள்ளே போன பிறகு கோச் மாறினால், வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறப் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் இருக்கிறது. 2026-இல் அதற்கான வழக்கமான காலம் ஜனவரி 2 முதல் 16 வரை, ஒரே ஒரு முறைதான். கோச் மாறிய அணிக்கு மட்டும், புதியவர் வந்து ஐந்து நாள் கழித்துத் தனியாக 15 நாள் தருகிறார்கள். விதிகள் அடிக்கடி மாறுவதால், கையெழுத்துக்கு முன் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விதிகளைப் பார்த்துக்கொள்ளும் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்தில் அன்றைய நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் கருத்தைக் கேட்டால்: கோஆர்டினேட்டர் இல்லாவிட்டாலும், அந்த ஊரும் அவன் படிக்க விரும்பும் படிப்பும் அவனுக்குப் பிடித்திருக்கிறது என்றால், நான்கு வருட ஒப்பந்தம் எழுத்தில் கிடைத்தால், டிசம்பரில் போடலாம். அவர் ஒருவருக்காகத்தான் போகிறான் என்றால் புதிய கோச்சின் பெயர் அறிவிக்கப்படும் வரை பேனாவை எடுக்க வேண்டாம். அதற்குள், இரண்டாவது இடத்தில் வைத்திருக்கும் பல்கலைக்கழகத்தின் கோச்சுக்கும் மகன் ஒரு போன் செய்து பேசி வைக்கட்டும்.