சின்ன விமானத்தை சார்ட்டர் எடுத்தால் கட்டுப்படியாகுமா?

கேள்வி: நாங்கள் ஐந்து பங்குதாரர்கள். 450 கி.மீ. தள்ளியிருக்கும் எங்கள் ஆலைக்கு மாதம் இருமுறை போய்வருகிறோம். நேரடி விமானம் கிடையாது. காரில் ஒரு வழிக்கே 7 மணி நேரம். ஒரு புரோக்கர் டர்போப்ராப் விமானத்துக்கு (டர்பைன் இன்ஜினால் புரொப்பெல்லர் சுழலும் சிறு விமானம்) மணிக்கணக்கில் வாடகை சொல்கிறார். பறக்கும் நேரம் ஒன்றேகால் மணி என்பதால் போகவர இரண்டரை மணி வாடகைதானே? ஆண்டு முழுவதற்கும் முன்பணம் கட்டினால் 10 சதவீதம் தள்ளுபடியாம். இறங்கலாமா?

பதில்: இரண்டரை மணியில் முடியாது. விமானம் நிறுத்தி வைக்கப்படும் ஊர் வேறு என்றால், அங்கிருந்து காலியாக வருவதும் காலியாகத் திரும்புவதும் உங்கள் கணக்கில்தான் ஏறும். அந்த ஊர் 45 நிமிடப் பறப்பு தூரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காலியாக 45 நிமிடம், நீங்கள் போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி, மறுபடி காலியாக 45 நிமிடம். மொத்தம் 4 மணி. இன்ஜின் கிளம்பியதிலிருந்து அணைக்கும்வரை கணக்கிடுகிறார்களா, சக்கரம் மேலெழும்பியதிலிருந்து தரை தொடும்வரையா என்பதையும் கேளுங்கள். ஒவ்வொரு பறப்புக்கும் பத்துப் பன்னிரண்டு நிமிடம் இதில் வித்தியாசப்படும்.

இரண்டு இரவு தங்கினால் கணக்கே மாறுகிறது. நாளொன்றுக்குக் குறைந்தது 2 மணி வாடகை என்று பல ஆபரேட்டர்கள் (விமானத்தை இயக்கும் நிறுவனங்கள்) விதி வைத்திருப்பார்கள். விமானம் அங்கேயே காத்திருந்தால் 3 நாளுக்கு 6 மணி பில், அதோடு பைலட்டுகளின் தங்கும் செலவு, பார்க்கிங். உங்களை இறக்கிவிட்டுத் திரும்பிப்போய் மறுபடி வந்தால் (ஆலையிலிருந்து அதன் சொந்த ஊர் ஒரு மணி என்றால்) அதுவும் 6 மணிதான். ஆனால் லேண்டிங் கட்டணம் கூடும். இரண்டுக்கும் தனித்தனிக் கொட்டேஷன் வாங்குங்கள்.

ஒரே நாளில் திரும்புவதுதான் லாபம். ஆனால் பைலட்டுகளின் பணிநேர வரம்பு குறுக்கே வரும். அது பெரும்பாலும் 12 முதல் 14 மணி. நீங்கள் காலை 7 மணிக்குக் கிளம்ப, அவர்கள் 4.45க்கே பணியில் சேர்ந்திருப்பார்கள் (ஆயத்தத்துக்கு ஒரு மணி, காலியாக வர 45 நிமிடம், உங்களை ஏற்ற அரை மணி). 13 மணி வரம்பென்றால் மாலை 5.45க்குள் சொந்த ஊரில் இறங்க வேண்டும். அதாவது, உங்களை இறக்கிவிட அரை மணியும் சேர்த்தால், ஆலையிலிருந்து 3.15க்குக் கிளம்பியாக வேண்டும். கூட்டம் இழுத்துக்கொண்டு 5 மணியானால் அன்றிரவு எல்லோரும் அங்கேதான். அந்தச் செலவும் உங்களுடையது.

மணிக்கட்டணம் மலிவு என்று மெதுவான விமானத்தில் விழாதீர்கள். பிலாட்டஸ் பிசி-12 மணிக்கு 500 கி.மீ. சுமாருக்குப் போகும், செஸ்னா கேரவன் 340 கி.மீ. சுமார்தான். மேலே சொன்ன 4 மணிப் பயணம் கேரவனில் ஐந்தரை மணியை எட்டிவிடும். ஜெட் வேண்டியதில்லை. இந்த தூரத்தில் அது மிச்சப்படுத்துவது கால் மணி நேரம், அவ்வளவே.

ஆட்களின் எடையையும் சாமான் எடையையும் உள்ளபடி சொல்லுங்கள். பிசி-12இல் டேங்க் நிறைய எரிபொருள் போட்டால் ஆளும் சாமானுமாகச் சேர்த்து ஏறக்குறைய 450 கிலோதான் ஏற்றலாம். 450 கி.மீ.க்கு முழு டேங்க் தேவைப்படாது. ஆனால் ஆலைப் பக்கத்து ஓடுதளத்தில் எரிபொருள் கிடைக்காவிட்டால் திரும்பிவரவும் சேர்த்து நிரப்பியாக வேண்டும். கடைசி நேரத்தில் ஆறாவது ஆளும் ஒரு மோட்டாரும் ஏறினால், வழியில் இறங்கி எரிபொருள் போட நேரும். அதற்கும் பில் உண்டு.

இனி கட்டுப்படியாகுமா என்பதற்கு வருவோம். காரில் போகவர 14 மணி. விமானத்தில் பறக்கும் இரண்டரை மணியோடு, ஒவ்வொரு பறப்புக்கும் முன் அரை மணி, பின் அரை மணி சேர்த்தால் நாலரை மணி. தலைக்கு ஒன்பதரை மணி மிச்சம், ஐவருக்கும் 47.5 மணி. லேண்டிங், கையாளும் கட்டணம், வரி எல்லாம் சேர்ந்த மொத்த பில்லிலிருந்து கார் செலவையும் காரில் போனால் ஆகும் தங்கும் செலவையும் கழித்து, மீதியை 47.5ஆல் வகுங்கள். வரும் தொகை, உங்களில் ஒருவரின் ஒரு மணி நேர உழைப்பு நிறுவனத்துக்குச் சம்பாதித்துத் தருவதைவிட அதிகமென்றால் காரிலேயே போங்கள். இரண்டே பேர் போகும் நாளில் வகுக்கும் எண் 19 ஆகிவிடும். அன்றைக்குப் பெரும்பாலும் கட்டாது.

முன்பணம் வேண்டாம். ஆபரேட்டர் திவாலானால் நீங்கள் ஈடு வாங்காமல் கடன் கொடுத்தவர்களோடு வரிசையில் பின்னால் நிற்பீர்கள். 10 சதவீதத் தள்ளுபடி அந்த ஆபத்துக்கு ஈடாகாது. பயணத்துக்குப் பயணம் கொடுங்கள். பணம் தனிக் காப்புக் கணக்கில் (பயணம் முடிந்த பிறகே ஆபரேட்டர் எடுக்கக்கூடிய எஸ்க்ரோ கணக்கு) போகுமானால் இன்னும் நல்லது. காலியாகத் திரும்பும் விமானத்தில் மலிவு விலை என்பதும் உங்களுக்கு ஆகாது. அந்த விமானத்தை முதலில் வாடகைக்கு எடுத்தவர் ரத்து செய்தால் உங்கள் பயணமும் போச்சு.

கையெழுத்துப் போடுமுன் ஆபரேட்டரின் வணிகப் பறப்புச் சான்றிதழை (கட்டணம் வாங்கிப் பயணிகளை ஏற்றுவதற்கான அனுமதி) கேட்டு வாங்குங்கள். ஒப்பந்தத்தில் உள்ள பெயரும் அதில் உள்ள பெயரும் ஒன்றா, வரப்போகும் விமானத்தின் பதிவு எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசி நேரத்தில் வேறு விமானம் அனுப்ப அவர்களுக்கு உரிமை இருந்தால், அதற்கும் இதே நிபந்தனையை எழுதி வாங்குங்கள். 'தெரிந்தவர் விமானம், செலவைப் பகிர்ந்தால் போதும்' என்று யாராவது சொன்னால் தொடவே வேண்டாம். விபத்தென்றால் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடலாம்.

உங்கள் ஆயுள், விபத்துப் பாலிசிகளையும் எடுத்துப் படியுங்கள். அட்டவணைப்படி பறக்கும் விமானங்களுக்கு மட்டுமே இழப்பீடு என்று பல விபத்துப் பாலிசிகளில் இருக்கும். ஒற்றை இன்ஜின் விமானத்தை விலக்குபவையும் உண்டு. பிசி-12, கேரவன் இரண்டும் அந்த வகைதான். அதோடு பங்குதாரர் ஐவரும் ஒரே விமானத்தில் ஏறுவதற்கு உங்கள் வங்கிக் கடன் ஒப்பந்தமும் பங்குதாரர் ஒப்பந்தமும் இடம் கொடுக்கின்றனவா என்று வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.