சார்ஜ் ஏறவில்லை என்றால் முதலில் மீட்டரை எடுங்கள்: ஆல்டர்னேட்டர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆல்டர்னேட்டர் பற்றியவை, அதாவது இன்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கி பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவியைப் பற்றியவை. பலர் புதியது வாங்கிப் போட்டுவிட்டு அப்புறம் எழுதியிருக்கிறார்கள். வாங்குவதற்கு முன்பு எழுதியிருந்தால் பணம் மிஞ்சியிருக்கும்.

கேள்வி: டாஷ்போர்டில் பேட்டரி சின்னம் எரிகிறது. ஆல்டர்னேட்டர் போய்விட்டது என்கிறார்கள். மாற்றிவிடலாமா?

யார் சொன்னார்கள் என்பது இருக்கட்டும், எதை வைத்து அளந்தார்கள்? சாதாரண மல்டிமீட்டர் போதும். வண்டி சில மணி நேரம் சும்மா நின்ற பிறகு நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டும் ப்ளோயரும் போட்டு, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்திப் பாருங்கள். 13.8-லிருந்து 14.5-க்குள் நின்றால் சார்ஜ் ஏறுகிறது. 12.3, 12.2 என்று இறங்கிக்கொண்டே போனால் ஏறவில்லை.

இதோடு நிறுத்திவிடாதீர்கள். அதே அளவை ஆல்டர்னேட்டரின் பின்பக்கம், தடித்த வயர் மாட்டியிருக்கும் போல்ட்டில் வைத்துப் பாருங்கள். அங்கே 14.4, பேட்டரியில் 13.2 என்றால் ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்கிறது. நடுவில் வயரோ, ஃபியூஸோ, எர்த்தோ தின்றுகொண்டிருக்கிறது. ஹெட்லைட், ப்ளோயர் என்று லோடு போட்ட நிலையில் பாசிடிவ் பக்கம் 0.3 வோல்ட்டுக்கு மேலும், எர்த் பக்கம் 0.2-க்கு மேலும் இழப்பு இருக்கக் கூடாது.

இரண்டு ஆல்டர்னேட்டர் மாற்றியும் சார்ஜ் ஏறாத ஒரு கார் என்னிடம் வந்தது. இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை வெளியே பார்க்க முழுதாகத்தான் இருந்தது. முனையை வளைத்ததும் உள்ளே இருந்த செம்புக் கம்பிகள் பச்சைப் பொடியாக உதிர்ந்தன. பட்டையை மாற்றியதும் மீட்டர் 14.3-ல் நின்றது.

புதிய வண்டிகளில் சார்ஜைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துகிறது. அவற்றில் ஒரு நேரம் 12.8, ஒரு நேரம் 15-ஐ ஒட்டிக் காட்டுவது வழக்கம்தான். லோடு போட்டுப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

கேள்வி: இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்த்தேன். வண்டி நிற்கவில்லை. அப்படியானால் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இல்லை. தயவுசெய்து இனி இதைச் செய்யாதீர்கள். எத்தனை முறை எழுதினாலும் இந்தப் பழக்கம் ஒழிய மாட்டேன் என்கிறது.

ஆல்டர்னேட்டருக்கு முன்பு வண்டிகளில் இருந்த டைனமோ காலத்தில் வந்த வழக்கம் இது. கிறைஸ்லர் 1960-லேயே வேலியண்ட் காரில் ஆல்டர்னேட்டரைக் கொண்டுவந்துவிட்டது. அடுத்த சில ஆண்டுகளில் மற்றவர்களும் மாறினார்கள். வண்டிகள் மாறி இத்தனை காலம் ஆகியும் சோதிக்கும் விதம் மட்டும் மாறவில்லை.

என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரத்தில் ஏற்ற இறக்கம் வந்தால் அதைத் தாங்கிக்கொள்வது பேட்டரி. நீங்கள் டெர்மினலைப் பிடுங்கும் நொடியில், அதுவரை பேட்டரிக்குப் போய்க்கொண்டிருந்த மின்சாரத்துக்குப் போக இடமில்லை. வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் உடனே துண்டித்தாலும், உள்ளே சுழலும் ரோட்டரின் காயிலில் உள்ள காந்தப் புலம் உடனே அடங்காது. அது அடங்குகிற அந்தச் சிறு நேரத்தில் வோல்டேஜ் எகிறும். பாதுகாப்பு டையோடு இல்லாத ஆல்டர்னேட்டரில் 80, 100 வோல்ட் வரைகூடப் போகும். பாதுகாப்பு உள்ளவற்றில் 35 வாக்கில் அடக்கிவிடும், அதுவும் குறைவில்லை. 14 வோல்ட்டுக்குப் பழகிய இன்ஜின் கம்ப்யூட்டர், ஏர்பேக் பெட்டி, ஆடியோ எல்லாம் அந்த அடியை வாங்குகின்றன. சில உடனே போகும். சில இரண்டு மாதம் கழித்துப் போகும், அப்போது காரணம் யாருக்கும் தெரியாது.

இவ்வளவு ஆபத்தை வாங்கிக்கொண்டு கிடைக்கும் தகவல்தான் என்ன? ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றும் டையோடுகளில் ஒன்று எரிந்துபோன ஆல்டர்னேட்டராலும் ஐட்லிங்கில் இன்ஜினை ஓட வைக்க முடியும். ஆகவே வண்டி நிற்காததால் எதுவும் நிரூபணமாகவில்லை. ரோட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்ததற்காக என்னிடம் வந்திருக்க வேண்டிய ஒரு வண்டி, வேறொரு இடத்தில் இந்தச் சோதனை நடந்த பிறகு, இன்ஜின் கம்ப்யூட்டரும் செத்த நிலையில் வந்தது. கார்பனோடு முடிந்திருக்க வேண்டிய செலவு பல மடங்கானது. அந்த வண்டிக்காரரின் முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

மீட்டர் வைத்து அளக்க இரண்டு நிமிடம் போதும். டெர்மினலில் கை வைப்பதாக இருந்தால் இன்ஜின் அணைந்திருக்க வேண்டும்.

கேள்வி: ஆல்டர்னேட்டரை மாற்றாமல் கார்பன் மட்டும் மாற்றினால் தாங்குமா?

தாங்கும். நிறைய ஓடிய வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியதே அதைத்தான். புதிய கார்பன் சென்டிமீட்டருக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 5 மில்லிமீட்டருக்குக் கீழே வந்துவிட்டால் ஸ்பிரிங் அழுத்தம் போதாமல் பேட்டரி விளக்கு விட்டுவிட்டு எரியத் தொடங்கும். பல மாடல்களில் கார்பனும் ரெகுலேட்டரும் ஒரே துண்டாக, பின்பக்கம் இரண்டு மூன்று ஸ்குரூவில் கழன்று வரும்.

கழற்றியதும் உள்ளே டார்ச் அடித்து ஸ்லிப் ரிங்கைப் பாருங்கள். செம்பு வளையம் கறுத்து, வழவழப்பாக இருந்தால் நைஸ் எமரித் தாளில் லேசாகத் துடைத்தால் சரி. நகத்தை வைத்தால் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் புதுக் கார்பன் நிலைக்காது, வளையத்தையே மாற்ற வேண்டும். காயில் எரிந்த வாடை வந்தால் மட்டும் முழு ஆல்டர்னேட்டரைப் பற்றி யோசியுங்கள்.

கேள்வி: பகலில் 14.2 காட்டுகிறது. ராத்திரி நிறுத்தினால் காலையில் பேட்டரி காலி. இரண்டு பேட்டரி மாற்றிவிட்டேன்.

இரண்டாவதை வாங்கும் முன்பாவது அளந்திருக்கலாம்.

டையோடு கசிகிறதா என்று பாருங்கள். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் அளந்தால் 0.5-க்கு மேல் வரக் கூடாது. இன்னொரு வழி, காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் ஆல்டர்னேட்டரைத் தொட்டுப் பார்ப்பது. இன்ஜின் சில்லென்று இருக்க அது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால், ராத்திரி முழுக்க பேட்டரி அதன் வழியாக வடிந்திருக்கிறது. டையோடு தட்டை மட்டும் மாற்றித் தரும் ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள்.

தொட்டால் சில்லென்று இருந்தால் கசிவு வேறெங்கோ. நெகடிவ் வயரில் மீட்டரைத் தொடராகச் சேர்த்து, கம்ப்யூட்டர்கள் உறங்க அரை மணிக்கு மேல் விட்டு அளந்து பாருங்கள். 50 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் தேட வேண்டும். மீட்டர் மாட்டிய நிலையில் மறந்துபோய் ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள்.

கேள்வி: ‘கர்’ரென்று சத்தம். பேரிங்கா?

எந்த வண்டி, எத்தனை ஓடியது, சத்தம் எப்போது வருகிறது என்று ஒரு வரிகூட இல்லை. பெல்ட்டைக் கழற்றிவிட்டு புல்லியைக் கையால் சுற்றிப் பாருங்கள். சொரசொரத்தால் பேரிங். வழுவழுவென்று சுற்றினால் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் அதே பெல்ட்டில் ஓடும் மற்ற புல்லிகளையும் பாருங்கள். பேரிங் மட்டும் தனியாக மாற்றலாம், ஆல்டர்னேட்டர் முழுவதும் வேண்டாம்.

கேள்வி: புதியது கட்டுப்படியாகவில்லை. பழைய உருப்படி வாங்கலாமா, ரீகண்டிஷன் வாங்கலாமா, பெயர் தெரியாத மலிவுப் புதியதா?

உங்கள் ஆல்டர்னேட்டரின் பாடி நன்றாக இருந்தால் அதையே சரிசெய்து வாங்குங்கள். ஒரிஜினல் காயிலும் ரோட்டரும் உங்களிடமே இருக்கும். என் முதல் தேர்வு எப்போதும் இதுதான்.

ரீகண்டிஷன் என்றால் என்னென்ன மாற்றினார்கள் என்று கேளுங்கள். கார்பன், பேரிங், ரெகுலேட்டர் மூன்றும் புதிதென்றால் வாங்கலாம். பெயிண்ட் அடித்ததை மட்டும் காட்டினால் வேண்டாம். பழையதைக் கொடுத்தால் விலை குறைப்பார்களா என்று விசாரியுங்கள், பல இடங்களில் உண்டு.

பழைய வண்டியிலிருந்து கழற்றியது கடைசி வழி. பாடியில் பதித்த எண்ணை உங்களுடையதோடு ஒப்பிடுங்கள். ஆம்பியர், பிளக்கில் பின் எத்தனை, புல்லியில் வரி எத்தனை, ஒரு பக்கம் மட்டும் பூட்டும் கிளட்ச் புல்லியா என்பதெல்லாம் பொருந்த வேண்டும். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டு வண்டிக்குச் சாதாரண ரெகுலேட்டர் உள்ளது பொருந்தினாலும் வேலை செய்யாது. பெயர் தெரியாத மலிவுப் புதியதை நான் யாருக்கும் சொல்வதில்லை. எழுதியிருக்கும் ஆம்பியரைச் சூடானதும் தராதவை பல பார்த்திருக்கிறேன்.

கேள்வி: 90 ஆம்பியருக்குப் பதில் 150 போட்டால் பேட்டரி சீக்கிரம் நிறையுமா?

நிறையாது. பேட்டரி எவ்வளவு வாங்குமோ அவ்வளவுதான் வாங்கும்.

கேள்வி: புதிதாகப் போட்டது மூன்றே மாதத்தில் போய்விட்டது. தரம் சரியில்லையா?

இருக்கலாம். ஆனால் செத்த பேட்டரியை ஜம்ப் கொடுத்து ஸ்டார்ட் செய்து, ஓட ஓட சார்ஜ் ஆகட்டும் என்று விட்டீர்களா? காலி பேட்டரியை நிரப்ப ஆல்டர்னேட்டர் முழு மூச்சில் ஓடி, சூட்டில் டையோடுகள் போய்விடும். சார்ஜரில் முழுதாக ஏற்றிவிட்டு மாட்டியிருக்க வேண்டும். அப்புறம் மேலே ஆயிலோ கூலன்ட்டோ சொட்டுகிறதா பாருங்கள். அதை நிறுத்தாமல் எத்தனை போட்டாலும் போகும்.

கேள்வி: நானே கழற்றி மாட்டப் போகிறேன். கவனிக்க வேண்டியது?

பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றிவிட்டுத்தான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். சாவி அணைந்திருந்தாலும் ஆல்டர்னேட்டரின் தடித்த வயரில் பேட்டரி மின்சாரம் நேராக நிற்கிறது. ஸ்பேனர் அந்த போல்ட்டையும் இன்ஜினையும் ஒருசேரத் தொட்டால் நொடியில் பழுத்துவிடும், கையில் மோதிரம் இருந்தால் விரலே போகலாம். பெல்ட் போகும் வழியைக் கழற்றும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வழியில் பேட்டரி விளக்கு எரிந்தால் வீடுவரை ஓட்டலாமா?

முதலில் நிறுத்தி பானட்டைத் திறந்து பெல்ட்டைப் பாருங்கள். அறுந்திருந்தால் ஓட்டாதீர்கள். பல வண்டிகளில் வாட்டர் பம்பும் அதில்தான் ஓடுகிறது, சில கிலோமீட்டரிலேயே இன்ஜின் சூடேறிவிடும். பெல்ட் முழுதாக இருந்து, பகலாகவும் இருந்தால், ஏசி, ப்ளோயர், ரேடியோ எல்லாவற்றையும் அணையுங்கள். நல்ல பேட்டரி அரை மணி, முக்கால் மணி தாங்கும். நடுவில் இன்ஜினை அணைக்காதீர்கள், மறுபடி ஸ்டார்ட் ஆகாது.