நெல் புரோட்டோபிளாஸ்டில் (சுவர் நீக்கிய செல்லில்) என் புரதத்தோடு இணைத்த ஜிஎஃப்பி (பச்சையாக ஒளிரும் புரதம்) நியூக்ளியஸில் பளிச்சென்றும் சைட்டோபிளாசத்தில் மங்கலாகவும் தெரிகிறது. என் புரதம் நியூக்ளியஸ் புரதம் என்று எழுதலாமா?

இதை மட்டும் வைத்து எழுதாதீர்கள். நியூக்ளியஸில் பளிச்சென்றும் சைட்டோபிளாசத்தில் மங்கலாகவும் இருக்கிறது என்கிறீர்கள். எதனோடும் இணைக்காத வெறும் ஜிஎஃப்பியைப் போட்டாலும் படம் ஏறக்குறைய அப்படித்தான் வரும். அது 238 அமினோ அமிலம், 27 கிலோ டால்டன் மட்டுமே. நியூக்ளியஸ் துளைகள் வழியே தானாகவே உள்ளே போய்விடும். உங்கள் புரதம் 12, 13 கிலோ டால்டன் என்றால் இணைத்தபிறகும் மொத்தம் 40தான். அதுவும் புகுந்துவிடும்.

எனவே முதலில் வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து, ஆன்டிபாடியால் அடையாளம் காணும் சோதனை). ஜிஎஃப்பி ஆன்டிபாடி போட்டுப் பாருங்கள். 27இல் தடித்த பட்டை வந்தால் இணைப்பு உடைந்துவிட்டது, நீங்கள் படம்பிடித்தது வெறும் ஜிஎஃப்பியை. பட்டை சரியான இடத்தில் இருந்தால் அடுத்து இரண்டு ஜிஎஃப்பியைத் தொடராகக் கோத்துப் பாருங்கள். அளவு கூடிய பிறகும் நியூக்ளியஸிலேயே இருந்தால் நம்பலாம். நியூக்ளியஸுக்கு அனுப்பும் பகுதியிலுள்ள லைசின், ஆர்ஜினின்களை அலனினாக மாற்றியதும் பச்சை வெளியே வந்துவிட்டால் அதைவிட வலுவான சாட்சி வேண்டாம்.

கண்ட்ரோல் இல்லாத படம் படமே இல்லை. பிளாஸ்மிட் (மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுபோகும் டிஎன்ஏ வளையம்) போடாத செல், வெறும் ஜிஎஃப்பி, எம்செர்ரி (சிவப்பாக ஒளிரும் புரதம்) இணைத்த நியூக்ளியஸ் மார்க்கர் (நியூக்ளியஸில்தான் இருக்கும் என்று தெரிந்த புரதம்), மூன்றையும் ஒரே நாளில், ஒரே லேசர் அளவில், ஒரே கெயினில் (ஒளியைப் பெருக்கும் அளவில்) எடுங்கள். 488 நானோமீட்டரில் தூண்டி 500 முதல் 530 வரை மட்டும் வாங்குங்கள். குளோரோபில் 650க்கு மேல் சிவப்பாக ஒளிரும், அதைத் தனிச் சேனலில் வையுங்கள். எம்செர்ரியை 561இல் தனியாக ஸ்கேன் செய்யுங்கள்; இரண்டு லேசரையும் சேர்த்துப் போட்டால் ஒன்றின் ஒளி மற்றதில் கசியும். செத்த செல் முழுக்க மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். அதைப் போய் 'சைட்டோபிளாசம் முழுவதும்' என்று எழுதியவர்கள் உண்டு.

மிகப் பிரகாசமான செல்லைத் தேடாதீர்கள். மக்காச்சோள யூபிக்யூட்டின் புரமோட்டர் (மரபணுவை இயக்கும் டிஎன்ஏ பகுதி) நெல்லில் புரதத்தைக் கொட்டும். அதிகமாகக் கொட்டினால் போகக்கூடாத இடத்திலும் தேங்கும், கட்டி கட்டியாகவும் சேரும். 12 முதல் 16 மணி நேரத்தில், மங்கலாக ஒளிரும் செல்லில் தெரிவதே பெரும்பாலும் உண்மைக்கு அருகில் இருக்கும்.

செல்லே உருப்படியாக வரவில்லை என்றால் நாற்றின் வயதைப் பாருங்கள். 10 முதல் 14 நாள் நாற்றின் தண்டும் இலையுறையும்தான் வேண்டும். முற்றிய இலை உதவாது. புது பிளேடால் அரை மில்லிமீட்டர் துண்டுகளாகச் சீவி, 0.6 மோலார் மேனிட்டாலில் 10 நிமிடம் வைத்துவிட்டு, 1.5 சதவீத செல்லுலேஸ், 0.75 சதவீத மாசெரோசைம் (இரண்டும் செல் சுவரைக் கரைக்கும் நொதிகள்) கரைசலில் இருட்டில் 4, 5 மணி நேரம் மெதுவாக ஆட்டுங்கள். பிளேடு மழுங்கினால் துண்டு நசுங்கும், வெறும் குப்பைதான் மிஞ்சும். 100 மைக்ரோலிட்டர் செல்லுக்கு 5 முதல் 10 மைக்ரோகிராம் பிளாஸ்மிட், 40 சதவீத பெக் 4000 (பாலிஎத்திலீன் கிளைக்கால்) கரைசல் 110 மைக்ரோலிட்டர், 15 நிமிடம். பிப்பெட் டிப்பின் நுனியை வெட்டிவிட்டு உறிஞ்சுங்கள், இல்லையேல் செல் கிழியும். நல்ல செல் உருண்டையாக, விளிம்பு கூர்மையாக இருக்கும். பசுங்கணிகங்கள் ஓரமாக ஒட்டியிருக்கும்.

இதையெல்லாம் நான் இங்கே எழுதவேண்டியதே இல்லை. கட்டுரைகள் செய்முறையை 'முன்னர் விவரித்தபடி' என்று ஒரு வரியில் முடிக்கின்றன. அந்த 'முன்னர்' கட்டுரையைத் தேடிப்போனால் அதிலும் அதே வரி. மாணவர்கள் மாதக்கணக்கில் திணறுவது இதனால்தான், அவர்கள் கை சரியில்லாததால் அல்ல.

புகையிலை இனமான நிக்கோட்டியானா பெந்தாமியானா இலையில் அக்ரோபாக்டீரியத்தை (மரபணுவைத் தாவரச் செல்லுக்குள் செலுத்தும் பாக்டீரியாவை) ஏற்றினால் போதுமே என்று யாராவது கீழே எழுதுவார்கள். சுலபம்தான், நானும் மறுக்கவில்லை. ஆனால் நெல் புரதத்தோடு சேர்ந்து இயங்கும் துணைப் புரதங்கள் அந்த இலையில் இருக்கும் என்று உறுதி கிடையாது. முதல் சோதனைக்கு அது போதும், முடிவை நெல்லிலேயே காட்டுங்கள்.

ஜிஎஃப்பியை எந்த முனையில் இணைத்தீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. புரதத்தின் தொடக்க முனையில் (N முனை) பசுங்கணிகத்துக்கோ மைட்டோகாண்ட்ரியாவுக்கோ அனுப்பும் சிக்னல் இருந்து, அதன் முன்னால் ஜிஎஃப்பியை ஒட்டியிருந்தால், சிக்னல் மறைந்து புரதம் சைட்டோபிளாசத்திலேயே தங்கியிருக்கும், அங்கிருந்து நியூக்ளியஸுக்கும் கசியும். இரண்டு முனையிலும் தனித்தனியாக இணைத்து மறுபடி பாருங்கள்.