தலையணையை எடுக்கும் முன் கேளுங்கள்

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். எட்டு வருஷம் நர்ஸாக எல்லா மத நோயாளிகளையும் கவனித்துவிட்டுத்தான் நியூசிலாந்து வந்திருக்கிறேன், யாரிடமும் பேதம் பார்த்ததில்லை, அப்படியிருக்க இந்தக் 'கல்ச்சுரல் சேஃப்டி'யை, அதாவது பண்பாட்டுப் பாதுகாப்பை, ஆன்லைன் பாடம், தேர்வு என்று ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள், அடுத்த மாதம் வார்டில் சேரும்போது நிஜமாக என்னதான் செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. பதினாலு வருஷத்துக்கு முன்னால் எனக்கும் இதே கோபம் இருந்தது.

அது போனது ஒரு தலையணையால். சேர்ந்து மூன்றாவது மாதம். நியூசிலாந்தின் பூர்வகுடியான மாவோரி இனத்துப் பாட்டி ஒருவர், காலில் சர்க்கரைப் புண். டிரெஸ்ஸிங் முடித்துக் காலை உயர்த்தி வைக்க வேண்டும், கூடுதல் தலையணை எதுவும் கைக்கு அகப்படவில்லை, அவர் தலைமாட்டில் இரண்டு இருந்தன, ஒன்றை உருவிக் குதிகாலுக்கு அடியில் வைத்தேன். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை, முகத்தை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நோயாளி நன்றாக ஒத்துழைத்தார் என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போனேன். இரவு ஷிஃப்டில் யாரோ அந்தத் தலையணையைத் திரும்பத் தலைமாட்டிலேயே வைத்திருக்கிறார்கள். எது காலுக்கு வைத்தது என்று தெரியாமல் பாட்டி இரண்டையும் எடுத்து நாற்காலியில் போட்டுவிட்டு, ஒரு துவாலையைச் சுருட்டித் தலைக்கு வைத்து விடியும்வரை படுத்திருந்தார்.

எங்கள் வார்டின் சீனியர் நர்ஸ் ஒருவர், அவரும் மாவோரிதான், என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். தலை 'தபு', புனிதமானது. காலுக்கு வைத்தது தலைக்கு வரக் கூடாது. பெட்பேனைச் சாப்பாட்டு மேஜையில் வைக்கக் கூடாது என்பதும், தலைக்கு மேலே சாப்பாட்டைக் கடத்தக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான். யோசித்துப் பாருங்கள், புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் நாம், நமக்குப் புரியாத விஷயமா இது? ஆனாலும் யூனிஃபார்ம் போட்டதும் எனக்குத் தோன்றவில்லை. சரி, இனிமேல் மாவோரி வழக்கங்களை எல்லாம் மனப்பாடம் செய்துவிடுகிறேன் என்றேன். அதற்கு அவர், "அது வேண்டாம், எல்லா மாவோரியும் ஒரே மாதிரி இல்லை. அவர் ஏன் உன்னிடம் வாய் திறக்கவில்லை என்று மட்டும் யோசி" என்றார்.

அதுதான் விஷயம், தங்கச்சி. 'கல்ச்சுரல் சேஃப்டி' என்ற சொல்லே ஒரு மாணவி வாயிலிருந்து வந்தது. 1988-இல் கிறைஸ்ட்சர்ச்சில் நடந்த ஒரு கூட்டத்தில், சட்டப் பாதுகாப்பு, நெறிமுறைப் பாதுகாப்பு என்றெல்லாம் பேசுகிறீர்களே, எங்கள் பண்பாட்டுக்கு என்ன பாதுகாப்பு என்று நர்சிங் முதலாண்டு படித்த ஒரு மாவோரிப் பெண் கேட்டாள். இரிஹபேட்டி ராம்ஸ்டென் என்ற மாவோரி நர்ஸ் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு வளர்த்தார், 1992-இல் நர்சுகளைப் பதிவு செய்யும் அமைப்பான நர்சிங் கவுன்சில் அதைப் பாடத்திட்டத்திலேயே சேர்த்தது. ராம்ஸ்டென் சொன்னதன் சாரம் இது: எந்த வித்தியாசமும் பார்க்காமல் கவனிப்பேன் என்பது போதாது, அந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்துத்தான் கவனிக்க வேண்டும். அப்புறம், கவனிப்பு பாதுகாப்பாக இருந்ததா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியது படுக்கையில் இருப்பவர், நர்ஸ் அல்ல. நான் 'நன்றாக ஒத்துழைத்தார்' என்று எழுதினேனே, அந்த ஒரு வரியில் எவ்வளவு அதிகாரம் இருந்தது என்று இப்போது நினைத்தாலும் வலிக்கிறது.

இந்த நாட்டில் நூற்றுக்குப் பதினேழு பேருக்கு மேல் மாவோரி, நர்சுகளிலோ நூற்றுக்கு ஏறக்குறைய 7 பேர்தான். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த நம்மைப் போன்ற நர்சுகள் பத்தில் நாலு பேருக்கு மேல். மாவோரிகளின் சராசரி ஆயுள் மற்றவர்களைவிட ஏறக்குறைய 7 ஆண்டு குறைவு. வார்டில் பல நிறம், பல மொழி இருக்கிறது என்று படம் எடுத்து மாட்டுகிறார்கள், சந்தோஷம்தான், ஆனால் அந்தப் பாட்டியின் பக்கத்தில் நின்று பார்த்தால் வெள்ளைக்கார நர்சுக்குப் பதில் நான் நின்றேன், அவ்வளவுதான், தலையணை காலுக்குத்தான் போனது. மாவோரிகளைப் போல நாமும் ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்களால் ஆளப்பட்டவர்கள் என்பதாலேயே நம் கை பாதுகாப்பான கை ஆகிவிடாது.

இன்னொன்றைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நோயாளியின் கட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று நாம் இருவர் நம் மொழியில் பேசிக்கொள்வோம். நமக்கு அது சாதாரணப் பேச்சு. அரை உடையில் படுத்திருப்பவருக்கோ, என்னைப் பற்றித்தான் பேசுகிறார்களோ என்று இருக்கும். டீ ரூமில் மனம் விட்டுத் தமிழ் பேசுங்கள், அங்கே யாராவது தடுத்தால் நானே உங்களுக்காக வந்து பேசுவேன். கட்டிலருகே வேண்டாம்.

உங்கள் பாதுகாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். உன் ஆங்கிலம் புரியவில்லை, வேறு நர்ஸை அனுப்பு என்று யாராவது சொல்லும் நாள் வரும். எனக்கு வந்தது. ஸ்டோர் ரூமில் போய் அழுதுவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்தேன், அது தப்பு. நிஜமாகவே புரியாமல் சொல்கிறாரா என்று முதலில் பாருங்கள், மெதுவாகத் திரும்பச் சொல்லுங்கள். நிறத்துக்காகத்தான் சொல்கிறார் என்றால் அன்றைக்கே சார்ஜ் நர்ஸிடம் சொல்லி எழுத்தில் பதியுங்கள். பெரியவர்களை எதிர்த்துப் பேசக் கூடாது என்று நம்மை வளர்த்துவிட்டார்கள், இங்கே டாக்டரிடமே 'இது சரியா' என்று கேட்க வேண்டும், கேட்டால் யாரும் தப்பாக நினைப்பதில்லை.

முதல் வாரத்துக்கு இது போதும்: நோயாளியின் பெயரை எப்படி உச்சரிப்பது என்று அவரிடமே கேளுங்கள். எதையும் தொடும் முன், நகர்த்தும் முன் கேளுங்கள். குடும்பத்தைக் கூட்டம் என்று நினைத்து விரட்டாதீர்கள், குடும்பத்துக்கு மாவோரி மொழியில் 'ஃபானாவ்' என்று பெயர், அது அம்மா அப்பா மட்டும் இல்லை. பிரசவ வார்டில் போட்டால் நஞ்சுக்கொடியை என்ன செய்ய வேண்டும் என்று கேட்காமல் அப்புறப்படுத்தவே கூடாது, மாவோரி மொழியில் அதற்கும் நிலத்துக்கும் 'ஃபெனுவா' என்ற ஒரே சொல், மண்ணில் புதைக்கக் கொண்டுபோவார்கள்.

வரவேற்பு நாளில் மாவோரி முறைப்படி எழுந்து நின்று என் மலை இது, என் ஆறு இது என்று சொல்வார்களாமே, எனக்கு என்ன சொல்லத் தெரியும் என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். இந்த ஊர் மலையை என்னுடையது என்று சொல்லாதீர்கள், எந்த ஆற்றங்கரையில் வளர்ந்தீர்களோ அதைச் சொல்லுங்கள். நான் தாமிரபரணி என்றேன். அந்தச் சீனியர் நர்ஸ் அதை மூன்று முறை சொல்லிப் பார்த்துச் சரியாக உச்சரித்த பிறகுதான் உட்கார்ந்தார்.