அடித்தொனிகள் மோதும்போது

கேள்வி: பேஸ் கிட்டாரையும் கிக் டிரம்மையும் சேர்த்தால் பாட்டு முழுவதும் குமுறுகிறது. எப்படிச் சமன்செய்வது?
– வாசகர், கோத்தகிரி

பதில்: ஒலியளவைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருப்பதில் பயனில்லை, அதிர்வெண்ணில் (ஹெர்ட்ஸில் அளப்பது) எந்தக் கருவிக்கு எந்த இடம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பேஸ் கிட்டாரின் அடித்தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் தொடங்க, காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம்மின் கனம் பெரும்பாலும் 50 முதல் 80 ஹெர்ட்ஸுக்குள் விழுவதால், அந்த இடத்தைக் கிக்குக்கு விட்டுக்கொடுத்து, ஈக்வலைசரில் (அதிர்வெண் வாரியாக ஒலியை ஏற்றி இறக்கும் கருவி) பேஸை 60 ஹெர்ட்ஸை ஒட்டி 3 டெசிபல் குறைத்து, 100 ஹெர்ட்ஸுக்கு மேல் சற்றே ஏற்றிக் கேளுங்கள். பாடகர் குரலில் 80க்குக் கீழுள்ளதை வெட்டிவிடலாம்.

ஆனால், குளிருக்கு அஞ்சிச் சன்னலை இறுக அடைத்த சிறிய அறையில்தான் ஒலிக்கலவை செய்கிறீர்கள் என்றால், குற்றம் அறையினுடையதாகவும் இருக்கலாம். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே 3.4 மீட்டர் இருந்தால், சுமார் 50 ஹெர்ட்ஸ் ஒலி சுவரோரம் பொய்யாகப் பெருத்தும் நடுவில் மெலிந்தும் கேட்கும். எனவே நாற்காலியைச் சுவரிலிருந்து நகர்த்திவிட்டு, ஹெட்போனிலும் ஒருமுறை சரிபாருங்கள்.